இன்ஜினோட சேர்த்து விலை பேசாதீங்க!

தொரப்பள்ளின்னா ராஜாஜி பிறந்த ஊர் (1878) என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அதோடு சரி. இந்த ஊர்க்காரன், அதுவும் பி.காம் படிக்கிறவன், படகு இன்ஜின் பற்றி எழுத என்ன தகுதின்னு கேட்பீங்க. கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளிக்கிட்டு எங்க பக்கமா போகிற தென்பெண்ணை, கடைசியில் கடலூர்கிட்டதான் கடலில் கலக்குது. அந்தக் கடலூர்க்காரன் ஒருத்தன் என் வகுப்பில் இருக்கான். அவன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவு. தகுதி இவ்வளவுதான்.

கேள்வி இதுதான். அவன் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கப் போறாங்க. குடும்பத்தோட மொத்தச் சேமிப்பும், வீட்டுப் பெண்களோட நகையும் இதில் போகுது. பார்த்து வைத்தது இரண்டு. ஒன்றில் டீசல் இன்ஜின் படகுக்குள்ளேயே உட்கார வைத்து, தண்டு அடியில் வெளியே போகுது. "இன்ஜினோட சேர்த்து" ஒரே விலை. இன்னொன்று வெறும் படகு. இன்ஜினைத் தனியா வாங்கி வெளியே மாட்டிக்கணும். கூட்டிப் பார்த்தா முதலாவது மலிவு. எங்க வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதலாவதுக்கே கை தூக்கிட்டாங்க. சீனியர் ஒருத்தர், "காசுக்கு அதிக எச்.பி. கிடைக்குதுல்ல, அப்புறம் என்ன யோசனை?" என்று முடித்தே வைத்துவிட்டார்.

மூணு வருஷம் காமர்ஸ் படித்துவிட்டு இப்படிப் பேசினால் எப்படிங்க?

ஓசூர் அசோக் லேலண்டிலிருந்து வெறும் சேஸியை ஓட்டிக்கொண்டு போகிற டிரைவரை கிருஷ்ணகிரி ரோட்டில் எல்லாரும் பார்த்திருப்போம். தலையில துண்டு, முன்னால கண்ணாடி கிடையாது, பின்னால பாடி கிடையாது. நாமக்கல் பக்கம் போய்த்தான் பாடி கட்டுவாங்க. சேஸிக்கு ஒரு விலை, பாடிக்கு ஒரு விலை, இரண்டுக்கும் ஆயுசு வேற. பழைய லாரி வாங்குகிற எந்த ஆளும் இதைப் பிரித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். படகுன்னு வந்ததும் மட்டும் ஏன் இந்த மறதி?

நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிற கணக்கியல் தரம் 10 (2016-ல் திருத்தப்பட்டது) இதைத்தானே சொல்லுது? ஒரு சொத்தின் பெரிய பாகங்களுக்கு ஆயுள் வேறு வேறு என்றால், தேய்மானத்தையும் தனித்தனியாகப் போடு. சர்வதேசத் தரத்தில் இதற்குக் கொடுத்த உதாரணமே விமானத்தோட உடலும் இன்ஜினும்தான். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பிடித்த மீனை விற்றதும் செலவைக் கழித்துவிட்டு, ஆளுக்குப் பங்கு, படகுக்குப் பங்கு, இன்ஜினுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு என்று பிரிப்பார்கள். பட்டயக் கணக்காளர்கள் 2016-ல் எழுதினதை மீனவர்கள் எப்பவோ மணல்ல உட்கார்ந்து செய்துவிட்டாங்க. (இதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் வராது.)

ஃபைபர் உடம்பு ஒழுங்காகக் கட்டியிருந்தால் இருபது வருஷம் தாண்டும். உப்புத்தண்ணியில் தினமும் ஓடுகிற சின்ன இன்ஜின் அதில் பாதி ஓடினாலே பெரிய விஷயம். பழைய படகு வாங்குகிறவன் வாங்குவது, மிச்சம் நிறைய உள்ள ஒரு சொத்தும் மிச்சம் கொஞ்சமே உள்ள ஒரு சொத்தும். இரண்டையும் ஒரே விலையில் கட்டிக் கொடுத்தால், இன்ஜினில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பது அந்த விலைக்குள்ளே மறைந்து போயிடும். விற்கிறவருக்கு அது தெரியும். நமக்குத் தெரியாது. அந்த "மலிவு" எதுக்கான மலிவுன்னு இப்பப் புரியுதா?

இதோட பணக்கார அண்ணன் ஒருத்தர் வெளிநாட்டில் உண்டு. பேரு ஸ்டெர்ன்டிரைவ். 1959-ல் வால்வோ பென்டா 'அக்வாமேட்டிக்' என்று கொண்டு வந்தது. கார் இன்ஜின் மாதிரி ஒன்று படகுக்குள்ளே, புரொப்பெல்லர் வைத்த கால் பின்சுவருக்கு வெளியே. நல்ல ஐடியாதான், ஏரிகளில் குடும்பத்தோட சுத்துகிறவங்க பல பத்தாண்டு அதைத்தான் வாங்கினாங்க. ஆனா பின்சுவரில் போட்ட ஓட்டையில் தண்ணி வராம காக்கிறது ஒரு ரப்பர் உறை. அதைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். மாற்றாம கிழிஞ்சா, கட்டிப் போட்ட இடத்திலேயே படகு முழுகும். பழசா வாங்குகிறவர் அந்த ரப்பர் எப்ப மாற்றினதுன்னு விற்கிறவர் வாய்வார்த்தையைத்தான் நம்பணும். நம்ம ஊரில் ஸ்டெர்ன்டிரைவ் அபூர்வம். ஆனா உள்ளே பொருத்தின இன்ஜினுக்கும் அதே நோய்தான். இன்ஜின் செத்தா, படகையே பிரித்து மேயணும்.

வெளியே மாட்டினது செத்தால்? கழட்டு, வேற மாட்டு. எவின்ரூடு என்றொரு கம்பெனி, 1909-லிருந்து அவுட்போர்டு செய்த பேர். 2020-ல் அதன் தாய் நிறுவனம் உற்பத்தியையே நிறுத்தியது. வைத்திருந்தவங்களுக்கு எரிச்சல்தான், ஆனா படகு அப்படியே இருக்கும். அதே பின்சுவரில் யமஹாவோ சுசுகியோ மாட்டிக்கலாம்.

இன்னொன்று, தோழன் வீட்டுப் படகு நிற்கப் போவது துறைமுகத்தில் இல்லை, மணலில். அலை உடைகிற கரையில் ஏற்றும்போது அடியில் அசையாத புரொப்பெல்லர் இருந்தால் மணலில்தான் குத்தும். இதுவும் புது ஞானம் இல்லை. 1979-லிருந்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், கரையேறும் படகுகளுக்கு இதே பிரச்சினையோடதான் மல்லுக்கட்டியது. டீசலோட சிக்கனமும் வேணும், புரொப்பெல்லரைத் தூக்கவும் முடியணும். இன்ஜின், தண்டு, புரொப்பெல்லர் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து, மொத்தமா சாய்க்கிற மாதிரி செய்தார்கள். உள்ளே அசையாம வைக்கிறது நம்ம கரைக்கு ஆகாதுன்னு இன்ஜினியர்கள் அப்பவே ஒத்துக்கிட்ட மாதிரிதான் நான் எடுத்துக்கிறேன்.

இப்ப சீனியரோட பெரிய ஆயுதம்: எரிபொருள். "அவுட்போர்டு பெட்ரோல் குடிக்கும்டா, டீசல்தான் மிச்சம்."

உண்மைதான். கணக்கே போடுவோம். 10 எச்.பி. டீசல் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 2 லிட்டர், அதே சக்தி பெட்ரோல் அவுட்போர்டு சுமார் மூன்றரை லிட்டர். வருஷத்துக்கு 200 நாள், நாளைக்கு 5 மணி நேரம் என்று வைத்தால் 1,000 மணி நேரம். 2024 மார்ச்சில் விலை குறைத்த பிறகும் சென்னையில் டீசல் 92 ரூபாய் சொச்சம், பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம் இருந்தது. டீசலுக்கு 1,84,000, பெட்ரோலுக்கு 3,50,000. வித்தியாசம் 1,66,000 ரூபாய், ஒரே வருஷத்தில். இதோட வரிவிலக்கு டீசல் வேற. நாட்டுப்படகுக்கான அளவை வருஷத்துக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். தொழிலுக்குப் போகிற படகில் பெட்ரோல் மாட்டச் சொன்னால் என்னை அடிக்கலாம்.

ஆனா சீனியர் இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்புறார். டீசலா பெட்ரோலா என்பது ஒரு கேள்வி. உள்ளேயா வெளியேயா என்பது வேற கேள்வி. நீளமான தண்டோட பின்பக்கம் மாட்டுகிற 'லாங் டெயில்' டீசல் இன்ஜின் நம்ம கிழக்குக் கரை முழுக்க ஓடுதே, அது என்ன? டீசலும்தான், வெளியேயும்தான். தூக்கலாம், கழட்டலாம், பழுதானா இன்ஜினை மட்டும் மெக்கானிக்கிட்ட கொண்டு போகலாம், தேவைப்பட்டா தனியா விற்கலாம். சத்தமும் அதிர்வும் அதிகம், பிடித்து ஓட்டுகிறவருக்குத் தோள் போகும், அதை மறைக்கலை. அவுட்போர்டு எதுவானாலும் திருடுகிறவனுக்கும் கழட்ட சுலபம், அதுவும் நிஜம். ராத்திரி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க.

காயலில் ஞாயித்துக்கிழமை மட்டும் பிள்ளைகளை ஏற்றிச் சுத்துகிறவருக்கு வருஷம் 40 மணி நேரம்னா, எரிபொருள் வித்தியாசம் மொத்தமே 6,640 ரூபாய்தான். அவர் பெட்ரோல் அவுட்போர்டு வாங்கிட்டுப் போகட்டும்.

ஆக தோழனுக்கு என் பதில்: இரண்டாவது படகு, தனியா ஒரு லாங் டெயில். ஒரே நிபந்தனை, பின்சுவரைப் பார்க்கணும். இன்ஜினோட எடையும் தள்ளும் வேகமும் அங்கதான் இறங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஏராளமா ஃபைபர் படகு கொடுத்தாங்க, அவசரத்தில் கட்டினதில் எல்லாம் ஒரே தரம் இல்லை. பின்சுவருக்குள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். பழைய போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கியிருந்தா உள்ளுக்குள்ளே மக்கியிருக்கும், வெளியே பெயின்ட் பளபளன்னு நிற்கும். அஞ்சு ரூபாய் நாணயத்தால் இஞ்சு இஞ்சா தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா சரி, பொத்துப் பொத்துன்னு கேட்டா அந்தப் படகும் வேண்டாம், வேற பாருங்க.