தலைவருக்கு எதற்குத் தனிக்கொடி?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அரை மணி நேரம் நின்றால் போதும். முன்னால் கட்சிக்கொடி கட்டிய கார்கள் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாது. ஆனாலும் ஆட்டோக்காரர் ஒதுங்கி வழி விடுவார். கொடிக்கு அப்படி ஒரு சக்தி!

நம் நாட்டு ஜனாதிபதிக்கும் ஒரு காலத்தில் தனிக்கொடி இருந்தது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெள்ளைக்காரர் காலத்தில் வைஸ்ராய்க்குத் தனிக்கொடி. அந்த வழக்கம் தொடர்ந்து, 1950 ஜனவரி 26 அன்று குடியரசானதும் ஜனாதிபதிக்கும் ஒன்று வந்தது. நீலமும் சிவப்புமாக நான்கு கட்டங்கள். ஒன்றில் அசோகரின் சிங்கங்கள், ஒற்றுமைக்கு. ஒன்றில் அஜந்தா யானை, பொறுமைக்கும் பலத்துக்கும். ஒன்றில் டெல்லி செங்கோட்டைத் தராசு, நீதிக்கு. கடைசியில் சாரநாத்தின் தாமரைக் குடம், வளத்துக்கு.

அழகான கொடிதான். ஆனால் 1971 ஆகஸ்ட் 15 முதல் அது இல்லை. அன்று முதல் ஜனாதிபதிக்கும் தேசியக்கொடியே. கவர்னர்களின் தனிக்கொடிகளும் அத்தோடு போயின. அதே வருடக் கடைசியில்தான் மன்னர் மானியமும் ஒழிந்தது.

"இவ்வளவு அழகான சின்னங்களை விடலாமா?" என்று சிலர் கேட்கலாம். சின்னங்கள் எங்கும் போய்விடவில்லை. அஜந்தாவும் சாரநாத்தும் அங்கேயேதான் இருக்கின்றன. போனது, 'நான் வேறு, நீ வேறு' என்று காட்டிய துணி மட்டுமே.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். அங்கே 2022 வரை ஜனாதிபதி மாறினால் அவருடைய கொடியும் மாறி வந்தது. 2022 ஜூலையில் சோற்றுக்கும் பெட்ரோலுக்கும் தவித்த மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது தேசியக்கொடி. சில நாட்களில் பதில் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க, ஜனாதிபதிக் கொடியை ஒழிப்பதாக அறிவித்தார். நாட்டுக்கு ஒரு கொடி போதும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் புத்தி வர இவ்வளவு பெரிய அடி தேவைப்பட்டது. இந்தியா அதை 51 வருடம் முன்பே, யாரும் மாளிகைக்குள் புகாமலே செய்துவிட்டது.

காரில் தேசியக்கொடி பறக்கவிட யாருக்கு உரிமை என்று 2002ஆம் வருட கொடி விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் மாவட்ட கலெக்டர்கூட இல்லை. ஆனால் கட்சிக்கொடி கட்டிக்கொண்டு வழி கேட்பவர்களுக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படுவதில்லை!

ஜனாதிபதிக்கே தனிக்கொடி வேண்டாம் என்று முடிவான நாடு இது. அடுத்த முறை கொடி கட்டிய கார் பின்னால் ஹாரன் அடித்தால் பதற வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்கள். மற்ற எல்லோருக்கும் சிக்னல் ஒன்றுதான்.