கேட்ச் அண்ட் ரிலீஸாம், வெங்காயமாம்!

முகூர்த்த மாசம் வந்தாப் போதும், ஆபீஸ்ல கூடப் பொட்டி தட்டுற பசங்கள்ல ரெண்டு பேராவது என் சீட்டுப் பக்கம் வந்து நிப்பானுங்க. "மச்சி, நீதான் ஹனிமூனுக்கு அந்தமான் போனவனாச்சே, இந்தப் பேக்கேஜ் ஓகேவாடா?" வாட்ஸப்புல வந்ததைக் காட்டுவான். அஞ்சு ராத்திரி, ஆறு பகல், மெழுகுவத்தி வெளிச்சத்துல டின்னர், ஸ்நார்க்லிங் இலவசம், மேல கொஞ்சம் காசு கட்டினா அரை நாள் ஸ்போர்ட் ஃபிஷிங். அதுக்குக் கீழ "இயற்கையை நேசிப்பவர்களுக்கு"ன்னு எழுதி ஒரு பச்சை இலை படம் வேற.

அந்தப் பச்சை இலையைப் பாத்தாத்தான் மக்களே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒவ்வொருத்தன்கிட்டயும் தனித்தனியா கத்தி தொண்டை போச்சு. அதனால இங்க ஒரே தடவையா கத்திடறேன்.

மிதக்கத் தெரியாதவனைப் பவளப்பாறை மேல இறக்கி விடறதும், மீனை உசுரோட திருப்பி விடத் தெரியாதவன் கையில தூண்டிலைக் குடுக்கறதும் ஒரே வியாபாரம்தான். ரெண்டுலயும் நாம காசு குடுத்து வாங்கறது ஒரு போட்டோ. அதுக்கான பில்லைக் கடல் கட்டுது.

முதல்ல இலவச ஸ்நார்க்லிங். ஹேவ்லாக் தீவுல (2018 கடைசியில சுவராஜ் தீவுன்னு பேர் மாத்திட்டாங்க) எலிஃபென்ட் பீச்னு ஒரு இடம். படகுல இருந்து இறங்கினதும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாயில குழாயைச் சொருகி, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடிச்சுக்கச் சொல்லி இழுத்துக்கிட்டுப் போவாங்க. தண்ணியில நேரா குப்புறப் படுத்து மிதக்கணும், அதுதான் ஸ்நார்க்லிங். ஆனா லைஃப் ஜாக்கெட் என்ன பண்ணும்? நெஞ்சை மேல தூக்கும், கால் தன்னால கீழ தொங்கும். மூக்கால மூச்சு விட்டே பழகினவனுக்கு முதல் ரெண்டு நிமிஷத்துல ஒரு வாய் உப்புத் தண்ணி உள்ள போகும். போனதும் என்ன பண்ணுவான்? நிப்பான். எதுமேல நிப்பான்? அங்கதான் விஷயமே இருக்கு.

மான் கொம்பு மாதிரி கிளை விடற பவளம் நல்லா இருக்கற கடல்ல வருஷத்துக்குப் பத்து செ.மீ. போல வளரும். உருண்டையா பாறாங்கல் மாதிரி இருக்கே, அந்த ஜாதி ஒரு வருஷத்துக்கு ஒரு செ.மீ. வளர்ந்தா பெரிய விஷயம். நம்மாளு மூச்சு வாங்கறதுக்காக ஏறி நிக்கற அரை மீட்டர் உருண்டைக்கு ஏறக்குறைய அவங்க அப்பா வயசு! கொம்பு ஜாதி உடையறப்ப தண்ணிக்குள்ளயே 'டக்'னு கேக்கும். உடைஞ்ச இடம் பளிச்னு வெள்ளையா இருக்கும். என் பக்கத்துல கேட்டது அந்தச் சத்தம். உடைச்சவர் கரைக்கு வந்து "சூப்பர் எக்ஸ்பீரியன்ஸ்"னு சொல்லிட்டு இளநீர் குடிச்சார். நற நற.

இதுக்கு ஒரு பதில் ரெடியா வச்சிருக்கானுங்க. "2010லயும் 2016லயும் கடல் சூடாகி அந்தமான் பவளம் எல்லாம் வெளுத்துப் போச்சு. 2024ல உலகம் பூரா வெளுத்துச்சு. இதுல என் கால் பட்டுத்தான் அழியப் போகுதா?" கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளுத்த பவளம் உடனே செத்த பவளம் இல்ல. அதுக்குள்ள குடியிருந்து சாப்பாடு போட்ட நுண்பாசி வெளிய போயிடுச்சு, அவ்வளவுதான். சூடு சீக்கிரம் தணிஞ்சா திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். ஐசியூல கெடக்கறவனோட ஆக்ஸிஜன் குழாய் மேல ஏறி நின்னுக்கிட்டு "எப்படியும் சீரியஸ் கேஸ்தானே சார்"னு சொல்ற மாதிரி இருக்கு இந்த வாதம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கற அதே முதல் அட்டவணையில பாறை கட்டற பவளங்களை 2001லயே சேத்தாச்சு. புலி வாலை மிதிச்சுக்கிட்டு நின்னு எவனாவது போட்டோ எடுப்பானா?

கட்டுப்பாடு போட முடியாதுன்னும் இல்ல. வண்டூர் பக்கம் 1983ல அறிவிச்ச கடல் தேசியப் பூங்கா இருக்கு. அங்க ஜாலி பாய் தீவுக்குப் போறப்ப பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போக விட மாட்டாங்க. அந்தத் தீவையும் ரெட் ஸ்கின் தீவையும் மாத்தி மாத்தித்தான் திறப்பாங்க, ஓய்வு குடுக்கறதுக்காக. பாட்டிலைத் தடுக்க முடியுதுன்னா, "கால் கீழ படாம அஞ்சு நிமிஷம் மிதந்து காட்டு, அப்புறம் பாறைப் பக்கம் போ"ன்னு சொல்லவும் முடியும். ஆனா அப்படிச் சொன்னா பாதிப் பேர் கரையிலயே நிப்பான், வியாபாரம் படுத்துரும்.

மீனுக்கு ரொட்டி போடற கூத்து தனி. பாறை மேல படியற பாசியைச் சுரண்டித் தின்ன வேண்டிய மீனு, மைதாவுக்கு வரிசையில நிக்குது. போதும், அதை விடுங்க.

இப்ப மீன்பிடி. அந்தமான் கடல் ஜயன்ட் ட்ரெவாலிக்குப் பேர் போனது. நம்ம ஊர் பாறை மீன் குடும்பத்துலயே பெருசு, 70 கிலோவைத் தாண்டினதும் உலகத்துல பிடிபட்டிருக்கு. இதுக்காகவே வெளிநாட்டுல இருந்து வர்ற ஆளுங்க இருக்காங்க. முள் இல்லாத ஒத்தைக் கொக்கி, மீனைத் தண்ணியிலயே வச்சுக் கொக்கியை எடுக்கறது, தாடையைப் பிடிச்சுத் தொங்க விடாம ரெண்டு கையாலயும் ஏந்தறது, சில விநாடியில திருப்பி விடறதுன்னு அவங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. மேல்மட்டத்துல துரத்திப் பிடிக்கற மீன், அப்படி விட்டா பெரும்பாலும் பிழைச்சுக்கும். அவங்களோட எனக்குச் சண்டை இல்ல.

சண்டை எல்லாம் அரை நாள் ஹனிமூன் கோஷ்டியோடதான். நானும் தங்கமணியும் போன படகுல இன்னொரு ஜோடி. பெரிய மீன் எதுவும் வரல. வேற வழியில்லாம கேப்டன் படகை நிறுத்தி, ஆழத்துல ஜிக் இறக்கச் சொன்னார். கருவியில 40 மீட்டர் காட்டிச்சு. மாட்டினது ஒரு களவா.

பதினொண்ணாம் கிளாஸ்ல படிச்ச பாயில் விதியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கங்க. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டர்ல அஞ்சு மடங்கு. அங்க இருந்து சரசரன்னு மேல இழுத்தா மீனோட காத்துப் பையில இருக்கற காத்து அஞ்சு மடங்கு விரியப் பாக்கும். களவாவுக்கு அதை வாய் வழியா ஏப்பம் மாதிரி விட வழி கிடையாது. இரைப்பை வாய்க்கு வெளிய பிதுங்கிடும், கண்ணு தள்ளிடும். அப்படித்தான் வந்துச்சு. மாப்பிள்ளை தூக்கிப் பிடிச்சு ஒரு போட்டோ, பொண்ணு தூக்கி ஒரு போட்டோ, ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு, முத்தம் குடுக்கற மாதிரி ஒண்ணு. அப்புறம் "ரிலீஸ்!"னு தண்ணியில போட்டு எல்லாரும் கை தட்டினாங்க.

மீனு வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு.

தங்கமணிக்கு நாகர்கோவில் பக்கம், மீன் விஷயத்துல ஏமாத்த முடியாது. "அண்ணே, அது தேறாது. எடுத்துத் தாங்க, கொழம்பாவது வைக்கலாம்"னா. கேப்டன் நல்லாத் தமிழ் பேசறவர், பூர்வீகம் ராமநாதபுரமாம். "இல்ல தங்கச்சி, நம்ம போட்ல கேட்ச் அண்ட் ரிலீஸ் மட்டும்தான். பாலிஸி." கொஞ்ச நேரத்துல ஒரு கடல் கழுகு வந்து அந்தப் பாலிஸியைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. அந்த மாதிரி மீனை எடை கட்டி ஆழத்துல கொண்டு போய் விடறதுக்குன்னே கருவி இருக்கு. அந்தப் படகுல பீர் வைக்கற ஐஸ் பெட்டி ரெண்டு இருந்துச்சு, அது இல்ல.

"வலை போட்டு டன் கணக்குல அள்ளுற மீனவனைக் கேக்க வேண்டியதுதானே?"ன்னு ஒருத்தன் கேட்டான். மீனவன் விக்கிறான், நாம திங்கறோம். வலைக்குன்னு கேக்க வேண்டிய கேள்வி தனியா நிறைய இருக்கு, கேக்கணும். ஆனா அவன் செத்த மீனைக் கடல்ல போட்டுட்டு "காப்பாத்திட்டேன்"னு கை தட்டறதில்ல. சுவிட்சர்லாந்துல 2008ல போட்ட விலங்குப் பாதுகாப்பு விதிமுறையில, திருப்பி விடற நோக்கத்தோட மீன் பிடிக்கறதையே தடை பண்ணிட்டாங்க. திங்கறதுக்குப் பிடி, இல்லேன்னா பிடிக்காதேங்கறது அவங்க கட்சி. எனக்கு அது சரின்னு படுது.

இனி என்கிட்ட பேக்கேஜ் காட்ட வர்றவனுங்களுக்கு: கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்குல்ல? ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்குப் போற நாலு ஞாயித்துக்கிழமையில ரெண்டை ஏதாவது ஒரு நீச்சல் குளத்துல செலவு பண்ணு, ரெண்டு பேரும் குப்புற மிதக்கக் கத்துக்கங்க. படகுக்காரர்கிட்ட முள் இல்லாத கொக்கி இருக்கா, எத்தனை மீட்டர் ஆழத்துல இறக்குவீங்க, மாட்டினதைச் சமைக்கத் தருவீங்களான்னு கேளு. முழிச்சார்னா அந்தக் காசுக்கு ராத்திரி ரெண்டு பேரும் நல்ல மீன் சாப்பாடு சாப்பிடுங்க.

டிஸ்கி: பெரிய மீசை வச்சிருக்கற அண்ணாச்சிகள் கவனத்துக்கு. முகமூடியோட ரப்பர் மீசை மேல ஒட்டாது, தண்ணி கசியும். மூக்குக்குக் கீழ மட்டும் கொஞ்சம் வாசலின் தடவிக்கங்க, இல்ல ஒரு வாரத்துக்கு மீசையைத் தியாகம் பண்ணுங்க :-)