நஞ்சு ஒன்று, வம்சம் இரண்டு

இடைசெவல் கிராமத்தைச் சுற்றிய கரிசலில் வெள்வேல் ஆட்டுக்காரர்களின் மரம். நிழலும் தரும், தீனியும் தரும். அதன் துளிரையும் நெத்தையும் பசியோடு வந்த ஆடுகள் வாரித் தின்று நுரைதள்ளி விழுந்ததையும் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மென்றதும் இலைக்குள் கட்டுண்டிருந்த ஹைட்ரஜன் சயனைடு விடுபடுகிறது. அதைக் கண்டறியும் பிக்ரேட் தாள் மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறும். 'நஞ்சு உண்டு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

வகைப்பாட்டாளர் அங்கேதான் நிற்க வேண்டும். ஆஸ்திரேலிய அகேசியாக்களும் இதே வாயுவை விடுகின்றன. அவை அதைப் பீனைல்அலனைனிலிருந்து செய்கின்றன. ஆகவே சயனைடோடு வாதுமைக் கசப்பு மணக்கும் பென்சால்டிஹைடும் வரும். வெள்வேலின் கூட்டமான வாச்செலியாவில் மூலப்பொருள் வேலீன், லியூசின் வகை அமினோ அமிலங்கள். அங்கே அந்த மணம் பிறக்க வழியில்லை.

2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில், அதுவரை இரு கூட்டங்களுக்கும் பொதுவாயிருந்த அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 2011 மெல்பர்னில் அது உறுதியானது. கருவேல், வெள்வேல், உடை எல்லாம் வாச்செலியா ஆயின. கொக்கிமுள் இண்டு செனிகாலியா ஆனது. பெயர் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். பிரிவு சரி என்பதில் ஐயமில்லை. வேதியியலாளர்கள் ஆண்டர்சனும் டீயும் 1969-இலேயே வேல் பிசின்களின் வேதியியலை வகைப்பாட்டோடு சேர்த்துப் பேசினார்கள்: கருவேலம்பிசின் முனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும், செனிகாலியாப் பிசின் இடப்பக்கம்.

வகைப்பாட்டுக்கு உதவும் இந்த நம்பகம் எல்லா உமிழ்வுக்கும் கிடையாது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வார்ஷ்னேயும் சிங்கும் 2003-இல் 40 வகை இந்திய மரங்கள் விடும் ஐசோப்ரீன் வாயுவை அளந்து வெளியிட்டார்கள். குடும்பத்தை வைத்து உமிழ்வை ஊகிக்க முடியவில்லை. ஐசோப்ரீனுக்குக் கடைசியில் ஒரு நொதி போதும். பரிணாமத்தில் அது பலமுறை வந்திருக்கிறது, பலமுறை தொலைந்திருக்கிறது. பல படிகள் கொண்ட சயனைடுப் பாதை அவ்வளவு எளிதில் புதிதாக முளைக்காது. ஆகவே வெளிவரும் வாயுவோடு, அது பிறந்த பாதையையும் கேட்டே கிளை பிரிக்க வேண்டும்.

உலர்தாளில் ஒட்டிய இலை காட்டில் விட்ட மணத்தைச் சொல்லாது. எனவே சோதனையைக் கிளை ஒடித்த இடத்திலேயே செய்யுங்கள். துளிரா முற்றலா, பறித்த நேரம், பிக்ரேட் முடிவு, பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் அந்த மரத்துக்குச் சொல்லும் பெயர் ஆகியவற்றை மாதிரிச் சீட்டிலேயே எழுதி அனுப்புங்கள்.