நிரப்புவதிலும் நிதானம், செலுத்துவதிலும் நிதானம்



கடந்த கோடை விடுமுறையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கொடைக்கானலுக்குப் புறப்பட்டது. கணவன், மனைவி, ஐந்து வயது மகள் ஆகிய மூவரோடு முன்னிருக்கையில் எனக்கும் ஓர் இடம் தந்தார்கள். மலை ஏறுமுன் பெட்ரோல் நிரப்புவதற்காக வத்தலக்குண்டில் கார் நின்றது. வெயில் கடுமையாக இருந்ததால் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எனவே இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. பணியிலிருந்த இளம்பெண் அருகில் வந்து, “இன்ஜினை நிறுத்துங்க அண்ணா” என்றாள். “பாப்பா தூங்குதும்மா, ரெண்டு நிமிஷந்தானே” என்றார் நண்பர். அவள் நாசிலைக் கையில் எடுக்காமலேயே நின்றாள். “நிறுத்தினாத்தான் போடுவேன்” என்று அமைதியாகச் சொன்னாள்.

நண்பர் சாவியைத் திருப்பினார். பெட்ரோல் நிரம்பி, நாசில் ‘டக்’கென்று தானே நின்றது. காட்டியில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். “ரவுண்டா ரெண்டாயிரத்துக்கு விட்டுரும்மா” என்றார் நண்பர். “டேங்க் நிறைஞ்சிருச்சு அண்ணா, இதுக்கு மேல போடக் கூடாது” என்று அவள் மூடியைத் திருகிவிட்டாள். வண்டி நகர்ந்ததும், “பார்த்தீர்களா சாமி, வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சா இது?” என்று நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். நானோ அவள் செய்தது முற்றிலும் சரியென எண்ணினேன். அதற்கான காரணங்களை அன்று அவரிடம் சொன்னபடியே இத்திங்கள் உங்களிடமும் சொல்ல விழைகிறேன்.

பெட்ரோல் என்னும் திரவம் நேரடியாக எரிவதில்லை; அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. தண்ணீர் உறையும் குளிரைவிடவும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே, அதாவது ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸிலேயே, தீப்பற்றும் அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்படியாயின் நம் ஊர்க் கோடையில் அதன் நிலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. எனவே அது மேலே பறந்து மறைவதில்லை. தரையோடு தரையாய்ப் பரவிப் பள்ளங்களில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். நாம் நிற்கும் இடத்தில் வாடை மட்டுமே தெரிகிறது. ஆபத்தோ நம் காலடியில் கிடக்கிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, மிக எளிதில் தீப்பற்றும் முதல் வகுப்பில் பெட்ரோல் சேர்க்கப்பட்டிருப்பதும் இக்காரணத்தால்தான்.

ஓடும் இயந்திரத்தில் மின்பொறியும் உண்டு. கொதிக்கும் புகைக்குழாயும் உண்டு. ஆதலால்தான் இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். இரண்டு நிமிட வெப்பத்தைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். தீயைப் பொறுக்க இயலாது. புகைபிடித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. கைப்பேசியால் தீப்பற்றியதாக உறுதி செய்யப்பட்ட நிகழ்ச்சியைக் காண்பது அரிது என்பது உண்மையே. ஆயினும் பேச்சில் மூழ்கியவர் சிந்தும் பெட்ரோலைக் கவனிப்பதில்லை. இன்று பணம் செலுத்துவதற்கும் கைப்பேசியே வேண்டியிருப்பதால், நாசில் தன் இடத்துக்குத் திரும்பிய பின்னர், சற்று விலகி நின்று செலுத்துவதே முறை.

உலர்ந்த காலங்களில் உடையும் இருக்கையும் உராய்வதால் நம் உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. பெட்ரோல் பாயும்போது வண்டிக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, பின்பு நாசிலைத் தொட்டால் பொறி தோன்றக்கூடும். வண்டியைவிட்டு இறங்கினால் வெளியே நில்லுங்கள். இல்லையேல் உள்ளேயே அமர்ந்திருங்கள். ஒருவேளை தீப்பற்றினால் பதற்றத்தில் நாசிலை வெளியே பிடுங்காதீர்கள். பிடுங்கினால் எரியும் பெட்ரோல் எங்கும் தெறிக்கும். உள்ளிருப்போரை இறக்கி விலகிச் சென்று, பணியாளரை அழையுங்கள். பம்பை நிறுத்தும் பொத்தானையும் தீயணைப்பானையும் கையாளும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலிலும் குடத்திலும் பெட்ரோல் வாங்கி வீட்டின் மூலையில் வைக்கும் பழக்கமோ சட்டத்துக்கும் புறம்பானது, பிள்ளைகளின் உயிருக்கும் பகையானது. வீட்டு எரிவாயு உருளையிலிருந்து வாகனத்துக்கு வாயு ஏற்றும் துணிச்சலும் அத்தகையதே.

இனி, அந்த இருநூறு ரூபாயைப் பற்றி. நாசிலின் முனையருகே ஒரு சிறு துளை இருக்கிறது. அத்துளையைப் பெட்ரோல் தொட்டவுடன் காற்று செல்லும் வழி அடைபட்டு, உள்ளிருக்கும் அமைப்பு பாய்ச்சலை நிறுத்துகிறது. அதன்பின் எஞ்சும் வெற்றிடம் வீணன்று. பெட்ரோல் விரிவடைவதற்கான இடம் அது. நாற்பது லிட்டர் பெட்ரோல் பத்துப் பாகை சூடேறினால் ஏறத்தாழ நானூறு மில்லி லிட்டர் விரிவடையும். அவ்விடத்தையும் நிரப்பினால் மிகுதி வழிந்து சிந்தும். அல்லது ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் சென்று அதைக் கெடுக்கும். ஆனால் கோடையில் டேங்கை நிரப்பினால் வண்டி வெடிக்கும் என்று ஆண்டுதோறும் பரவும் செய்தியை நம்ப வேண்டா. தயாரிப்பாளர் குறித்த அளவுவரை எக்காலத்திலும் நிரப்பலாமென்று இந்தியன் ஆயில் நிறுவனமே விளக்கம் அளித்துள்ளது.

கொடுக்கும் பணத்துக்குச் சரியான அளவு பெறுவதும் இல்லறத்தாரின் கடமையே. காட்டி சுழியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஐயம் எழுந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரையிலான வேறுபாடு அனுமதிக்கப்பட்டது. அதற்குமேல் குறைந்தால் முறையிடலாம். வடிதாளில் ஒரு துளி விட்டுப் பார்க்கும் சோதனையையும் கேட்டுப் பெறலாம். தூய பெட்ரோல் கறையின்றி ஆவியாகிவிடும். “பெட்ரோலா, டீசலா” என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரமாக்கி, டேங்கைக் காலி செய்த பின்னரே இயக்க வேண்டும்.

இவ்வாறு உரையாடியபடி மலையேறி இரு நாள்கள் இனிதே கழித்தோம். இறங்கும்போதுதான் உண்மையான பாடம் காத்திருந்தது.

வளைவுகளில் வண்டி ஓசையின்றி வழுக்கிச் செல்வதைக் கண்டு நான் கியரை நோக்கினேன். அது நியூட்ரலில் இருந்தது. “இறக்கத்தில் எதற்கு சாமி வீணாகப் பெட்ரோல்?” என்று நண்பர் சிரித்தார். சிறிது நேரத்தில் எதுவோ கருகும் வாடை எழுந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வளைவில் பிரேக் மிதி முன்னிலும் ஆழமாக இறங்கியதை நண்பரின் முகமே காட்டிற்று. அவர் கியரைப் போட்டு, வேகம் தணித்து, அகன்ற ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. முக்கால் மணி நேரம் அங்கே நின்றோம். ஒருவரும் அதிகம் பேசவில்லை. தாயின் கை மட்டும் மகளின் தோளைவிட்டு அகலவில்லை.

ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயரும் அதில் ஒரு பகுதியை ஏற்கின்றன. எஞ்சியதை இயந்திரத்தின் இழுப்பு தாங்க வேண்டும்; நியூட்ரலில் விட்டாலோ பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிகவும் சூடேறினால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதியை அழுத்தினாலும் வண்டி நில்லாது. இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்குவதோ இன்னும் கொடியது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்கின் துணைவிசை தீர்ந்துவிடும்.

இதில் மிச்சமும் இல்லை என்பதே வேடிக்கை. இன்றைய இயந்திரங்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் பாய்வது பெரும்பாலும் முழுதாக நின்றுவிடுகிறது. சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டால், இயந்திரம் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். நண்பர் மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செலவு செய்தார். அச்செலவோடு நால்வர் உயிரையும் பணயம் வைத்தார். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் பழைய ஓட்டுநர்களின் விதி இன்றும் பொய்க்கவில்லை.

அப்படியாயின் உண்மையான சிக்கனம் எங்கே உள்ளது? முதலாவது, வேகத்தில். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. எண்பது கிலோமீட்டரிலிருந்து நூறுக்குச் சென்றால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. 1978-இல் நிறுவப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே சிக்கனமானதெனப் பரிந்துரைத்து வருகிறது.

இரண்டாவது, காலின் நிதானத்தில். முன்னே சிவப்பு விளக்கு தெரியும்போது விரைந்து சென்று பிரேக் அடிப்பவர், பெட்ரோலைப் பிரேக்கின் சூடாக மாற்றி வீசுகிறார். கிளட்சின் மேல் காலை வைத்தே ஓட்டுபவரும் அவ்வாறே. நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள். நின்றபடி ஓடும் வண்டி, ஒரு கிலோமீட்டரும் தராமல் பெட்ரோலை உண்கிறது.

மூன்றாவது, டயரில். காற்றுக் குறைந்த டயர் சாலையில் அழுந்தி இழுக்கிறது. வெப்பமேறி வெடிக்கவும் கூடும். கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டையில் கண்ட அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது, இரு வாரங்களுக்கு ஒருமுறை காற்றுப் பிடியுங்கள். பெட்ரோல் நிலையங்களில் இது கட்டணமின்றித் தர வேண்டிய சேவை. நான்காவது, சுமையில். தேவையற்ற மூட்டைகளைப் பின்பெட்டியிலிருந்தும், வெற்றுச் சுமைதாங்கியைக் கூரையிலிருந்தும் அகற்றுங்கள். ஐந்தாவது, உரிய காலத்துப் பராமரிப்பில்.

பெட்ரோலில் இன்று 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் சிறிது குறைந்தால் உடனே வண்டியைப் பழிக்க வேண்டா. பழைய வண்டி வைத்திருப்போர், ரப்பர்க் குழாய்களைப் பணிமனையில் காட்டிச் சோதித்துக்கொள்வது நன்று.

சிக்கனத்தை அளந்தறிய எளிய வழியொன்று உண்டு. டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது, ஓடிய தொலைவை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 420 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் என்றால் லிட்டருக்கு 15. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் குடும்பம், 12-ஐ 15 ஆக உயர்த்தினால் பதினாறு லிட்டருக்கும் மேல் மிஞ்சும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மாதத்துப் பால் செலவுக்குப் பெருமளவு அது உதவும். கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்கும் நம் நாட்டுக்கும் அது சிறு உதவியே.

மலையடிவாரத்தில் நண்பர் அதே நிலையத்தில் வண்டியை நிறுத்தினார். பெட்ரோலுக்காக அன்று, டயருக்குக் காற்றுப் பிடிப்பதற்காக. அட்டையில் 33 என்றிருந்தது. டயரில் இருந்ததோ 25. அப்பெண் மற்றொரு வண்டியின் முன் நின்று, “இன்ஜினை நிறுத்துங்க அண்ணா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நண்பர் சிறிது நேரம் அவளையே நோக்கிவிட்டு, “கண்டிப்பான பிள்ளைதான் சாமி” என்றார். அவர் குரலில் முன்பிருந்த குறை இல்லை.

அன்பர்களே, நம்மைத் தடுத்து நிறுத்துகிறவர்கள் யாவரும் நமக்குப் பகைவர் அல்லர். அடுத்த முறை நாசிலுக்கு முன்னே வண்டி நிற்கும்போது, அவர்கள் சொல்லுமுன்பே சாவியைத் திருப்புங்கள். பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைக்கு நாம் செய்யும் முதற்பணி அதுவே.