வண்ணாத்திவில்லுக்கு அப்பால் யாருடைய வழி?

புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 105 கிலோமீட்டர். வண்ணாத்திவில்லு, எலுவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாகக் கரையோரம் செல்லும் பழைய மன்னார் வீதியும் அதைவிடப் பெரிதாக நீளமில்லை. ஆனால் அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிப் போனால் 180 கிலோமீட்டரைத் தாண்டும். பேருந்தில் நான்கு மணி நேரம். இடையில் மாறி ஏற வேண்டியிருந்தால் அரை நாள்.

காரணம் எல்லோரும் அறிந்ததே. எலுவன்குளத்துக்கு வடக்கே அந்த வீதி வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. போருக்குப் பின் 2010இல் வீதி திறக்கப்பட்டதும் சுற்றுச்சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. “சுற்றிப் போனால் என்ன, ஓரிரு மணி நேரம்தானே?” என்று கொழும்பில் கேட்கிறார்கள். பத்திரிகை அலுவலகத்திலும் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவர்களில் எவரும் அந்தப் பேருந்தில் ஏறியவரல்லர்.

ஏறுகிறவர் யார்? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னாரிலிருந்து வந்தவர்களில் பெரும் பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். அவர்களின் வயலும் வீடும் முசலியில். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பிழைப்பும் புத்தளத்தில். மறிச்சுக்கட்டிக் காணிக்காரருக்குப் புத்தளத்திலிருந்து நேர்த்தூரம் அறுபது கிலோமீட்டர் சொச்சம். சுற்றிப் போனால் அதைப்போல் மூன்று மடங்கு. காணிப் பத்திரத்துக்காக ஒரு நாள் கச்சேரிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. மீளக் குடியேறுங்கள் என்று சொல்லிவிட்டு, போகும் வழியை நீட்டிவைப்பது என்ன நியாயம்?

காட்டை வெட்டித் தள்ளுங்கள் என்று நான் எழுதவில்லை. 1938இல் தேசியப் பூங்காவான வில்பத்து, சிறுத்தைக்கும் யானைக்கும் உரிய இடம். ‘வில்லு’ என்றால் மழைநீர் தேங்கும் இயற்கைக் குளம். வில்பத்துவின் பெயரிலும் வண்ணாத்திவில்லின் பெயரிலும் இருப்பது அந்தச் சொல்தான். நாலுவழிப் பாதை போட்டுத் தருவோம் என்று தேர்தல் மேடையில் முழங்குபவர்களை நான் நம்பவுமில்லை. அகலப் பாதை வந்தால் லொறிகளும், பின்னாலேயே காணி பிடிப்பவர்களும் வருவார்கள்.

ஆனால் திறப்பதற்கும் பூட்டுவதற்கும் நடுவே வேறு வழியே இல்லையா? கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு மணிவரை போக்குவரத்துத் தடை. பகலில் வீதி திறந்திருக்கிறது. இரவில் சில பேருந்துகளும் அவசர ஊர்திகளும் மட்டும் போகலாம். சத்தியமங்கலம் காட்டில் பண்ணாரி–திம்பம் சாலைக்கும் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இரவுத் தடையை நடைமுறைப்படுத்தியது. புலி வாழும் காட்டில் முடிந்தது, சிறுத்தை வாழும் காட்டில் ஏன் முடியாது?

வீதியை அகலப்படுத்த வேண்டாம். தார் போட வேண்டாம். பகலில் மட்டும், குறைந்த வேகத்தில், எண்ணிக்கை வரையறுத்துப் பொதுப் பேருந்துகளை விடுங்கள். லொறியும் வேண்டாம், தனியார் காரும் வேண்டாம். கட்டணம் செலுத்திச் சிறுத்தை பார்க்க வருகிறவரின் ஜீப்புக்குப் பூங்காவுக்குள் இடமுண்டு என்றால், சொந்த வயலைப் பார்க்கப் போகிறவரின் பேருந்துக்கும் இடமிருக்க வேண்டும்.