இதயம் ஒரு கடிகாரம் அல்ல!



ஜாஸ் குழுவில் டிரம் வாசிப்பவருக்கு என்ன வேலை? மற்றவர்களுக்குத் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வது. "நீ டிக்... டிக்...னு அடிச்சுக்கிட்டு இரு, போதும்" என்பதே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை உடைத்தவர் மில்ஃபோர்ட் கிரேவ்ஸ். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1941-ல் பிறந்த கறுப்பினக் கலைஞர்.

1964-ல் நியூயார்க் ஆர்ட் குவார்டெட் குழுவில் வாசித்தபோதே, டிரம்மும் சாக்ஸபோனைப் போலத் தனியாகப் பேசும் என்று காட்டினார். டிரம்களின் அடிப்பக்கத் தோலைக் கழற்றிவிட்டு வாசித்தார். தபலாவும் கற்றார்.

கச்சேரி மட்டும் சோறு போடுமா? மருத்துவ லேப் டெக்னீஷியன் பயிற்சி பெற்று, கால்நடை மருத்துவ லேப் ஒன்றில் வேலை பார்த்தார். ஆமாம் நண்பா, நம்மள மாதிரி டெக்னீஷியன்தான்!

அந்தக் காலத்தில் இதய ஒலிகள் பதிந்த இசைத்தட்டு ஒன்று அவர் கைக்கு வந்தது. டாக்டர்களுக்கு அது பாடம். அவருக்கோ அதில் ஆப்பிரிக்க, கியூபத் தாளங்கள் கேட்டன! அன்று முதல் வீட்டிலேயே லேப் வைத்துப் பலரின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார். 2000-ல் குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்ததும், கம்ப்யூட்டர், லேப்வியூ மென்பொருள் என்று ஆராய்ச்சி வளர்ந்தது.

அவர் சொன்னதையெல்லாம் மருத்துவம் ஏற்றுக்கொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆரோக்கியமான இதயத்திலும் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி நூலளவு மாறும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. இதயமே டிக்... டிக்... என்று அடிக்காதபோது டிரம் மட்டும் ஏன் அடிக்க வேண்டும்? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

அந்த டெக்னீஷியன் 1973 முதல் 2012 வரை பென்னிங்டன் கல்லூரியில் பாடம் நடத்தினார். 2018-ல் அவருக்கே இதய நோய். அப்போதும் சோர்ந்து உட்காரவில்லை. தன் இதயத்தையே ஆராய்ந்தார். 2021 பிப்ரவரியில் மறைந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "வெறும் டிப்ளமோ தானே?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. இங்கேயும் "சிலபஸ்ல இருக்கறத மட்டும் படி, மெஷின மட்டும் பாரு" என்கிறோம். மெஷினைப் பார்ப்போம், சரி. அதன் சத்தத்தையும் கேட்போமே! ஸ்பேனர் பிடித்த கைக்குக் காது இருக்கக்கூடாதா? கேள்வி கேட்கப் பட்டம் தேவையா?

சிந்திப்போம் தோழர்களே! நம் நெஞ்சும் கடிகாரம் அல்ல!