உடம்பும் ஒரு சேமிப்புதான்



1947-இல் கெடா, பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை போராடியது. கூலிக்காசு கள்ளுக்கடையில் கரைந்து, வீட்டில் அடுப்பு எரியாத காலம் அது. கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள், போலீசாரிடம் அடிபட்டார்கள், சிறைக்கும் போனார்கள். நம் உடம்பை நாமே மதிக்க வேண்டும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

இன்று எதிரி வேறு. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர். மற்ற இனத்தாரைவிட இது அதிகம். முற்றினால் கண் மங்கும், சிறுநீரகம் கெடும், புண் ஆறாமல் காலையே எடுக்க நேரும்.

“உழைக்கிற உடம்புக்கு ஒண்ணும் வராது” என்கிறோம். வருகிறதே! அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். போய் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். தேத்தண்ணியில் டின்பாலையும் சீனியையும் குறையுங்கள். தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள். சாம்சு பக்கமே போகாதீர்கள்.

பிள்ளைகளுக்காகக் காசு சேர்க்கிறோம், நல்லதுதான். கால் போன பிறகு அந்தக் காசு வைத்தியத்துக்கே போய்விடும். நம்மை நாம் கவனிப்பது சுயநலமல்ல. குடும்பத்துக்குப் போடும் முதல். இன்றே தொடங்குங்கள்!